ஃபயரி என்ற நெருப்புச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிப்பவர்களும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர்களும் ‘ஃபயரி’ என்ற சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

ஃபயரி என்றால் என்ன? ‘தீ போன்ற’ என்று எழுதினால் போதாதா?

போதாது. பெரும்பாலான பிழைகள் அங்கேதான் தொடங்குகின்றன. நெருப்பு சிவந்திருக்கும், சுடும், சட்டென்று பற்றும், பொறி பறக்கும், அடக்க நினைத்தாலும் அடங்காது. ஃபயரி என்ற சொல் இத்தனை குணங்களையும் ஒரே நேரத்தில் கொண்டுவருவதில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒரு குணத்தை மட்டும் இரவல் வாங்குகிறது. எந்தக் குணம் என்பதைப் பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் சொல்லும். வானத்துக்கு முன்னால் வந்தால் நிறம். குழம்புக்கு முன்னால் வந்தால் காரம். மனிதருக்கு முன்னால் வந்தால் கோபம் அல்லது வேகம். பேச்சுக்கு முன்னால் வந்தால் கேட்பவரைப் பற்றவைக்கும் உணர்ச்சி. எரிமலைக் குழம்புக்கு முன்னால் வந்தால் மட்டும் அசல் நெருப்பு.

ஆகவே, இந்தச் சொல்லைப் பார்த்ததும் ‘நெருப்பின் எந்தக் குணம் இங்கே வந்திருக்கிறது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைத்தால் தமிழ்ச் சொல் தானாக வந்து நிற்கும். நம் மொழியில் அந்த ஒவ்வொரு குணத்துக்கும் தனித்தனிச் சொல் உண்டு.

எழுத்துக்கூட்டல் ஏன் இப்படிக் குழப்புகிறது?

சரியான வரிசை எஃப், ஐ, இ, ஆர், ஒய். பலரும் ‘ஃபயர்’ என்ற சொல்லை அப்படியே எழுதி, கடைசியில் ஒய் சேர்த்துவிடுகிறார்கள். அதாவது எஃப், ஐ, ஆர், இ, ஒய். அது பிழை.

ஆங்கிலத்தின் வழக்கமான விதிப்படி பார்த்தால், இ-யில் முடியும் சொல்லோடு ஒய் சேரும்போது அந்த இ விழுந்துவிடும். ஐஸ் என்பது ஐசி ஆகிறது, ஸ்பைஸ் என்பது ஸ்பைசி ஆகிறது, வயர் என்பது வயரி ஆகிறது. அந்த விதியை ஃபயர் பின்பற்றியிருந்தால் எஃப், ஐ, ஆர், ஒய் என்று நான்கே எழுத்தில் முடிந்திருக்கும். அப்படி ஆகாததற்குக் காரணம் வரலாறு. இடைக்கால ஆங்கிலத்தில் நெருப்பை எஃப், ஐ, இ, ஆர் என்றும் எழுதினார்கள். இன்றைய எழுத்துக்கூட்டல் 1600 வாக்கில்தான் நிலைபெற்றது. பெயர்ச்சொல் புதிய உருவத்துக்கு மாறிவிட்டது. பெயரடை பழைய உருவத்தையே வைத்துக்கொண்டது. எனவே ‘பழைய நெருப்பு, கூட ஒரு ஒய்’ என்று நினைவில் வைத்தால் பிழை வராது.

ஒரு சிறு எச்சரிக்கை: ஆஸ்திரேலியாவில் தீயணைப்பு வீரரைச் செல்லமாக ‘ஃபயரி’ என்றே அழைப்பார்கள். ஆனால் அது எஃப், ஐ, ஆர், ஐ, இ என்று எழுதப்படும் வேறு சொல். ஒலி ஏறக்குறைய ஒன்று, பொருள் வேறு.

எப்படி உச்சரிப்பது?

ஃபை-அ-ரி. அழுத்தம் முதல் அசையில். அமெரிக்கர்கள் நடு அசையை விழுங்கி ‘ஃபைரி’ என்று இரண்டே அசையில் முடிப்பதும் உண்டு. இரண்டும் சரியே.

தமிழ் பேசுவோர் வழுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, எழுத்தைப் பார்த்து ‘ஃபியரி’ என்று படிப்பது. முதல் நான்கு எழுத்தும் ‘ஃபியர்ஸ்’ என்ற சொல்லில் உள்ளவையே என்பதால் இந்தத் தடுமாற்றம் வருகிறது. இரண்டாவது, ‘ஃபேரி’ என்று சொல்லிவிடுவது. அது தேவதை. தேவதைப் பேச்சுக்கும் அனல் பறக்கும் பேச்சுக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் எழுத்தைப் பகரமாக ஒலிக்காமல், மேல்பல் கீழுதட்டைத் தொட்டு, காற்று கசியும்படி ஒலிக்க வேண்டும்.

‘தி ஹவுஸ் இஸ் ஃபயரி’ என்று சொல்லலாமா?

கூடாது. வீடு எரிகிறது என்று சொல்ல ‘ஆன் ஃபயர்’ அல்லது ‘பர்னிங்’ வேண்டும். ஃபயரி ஒரு பொருளின் இயல்பைச் சொல்லும் சொல். இந்த நிமிடம் நடப்பதைச் சொல்லும் சொல் அல்ல. ‘தீப்பிடித்த’ என்பதும் ‘தீக்குணமுள்ள’ என்பதும் ஒன்றல்லவே.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அமெரிக்கச் செய்திகளில் ‘ஃபயரி கிராஷ்’ என்ற தொடர் அடிக்கடி வரும். வண்டிகள் மோதித் தீப்பிடித்து எரிந்தன என்று பொருள். அதை ‘அனல் பறக்கும் மோதல்’ என்று மொழிபெயர்த்தால் ஏதோ கபடிப் போட்டி நடந்ததுபோல் ஆகிவிடும். இறந்தவர்களைப் பற்றிய செய்தியில் அப்படி ஒரு பிழை நேரவே கூடாது. ‘மோதித் தீப்பற்றிய விபத்து’ என்று நேராக எழுதுங்கள்.

தமிழில் நெருப்புக்கு இத்தனை சொற்கள் இருக்கின்றனவே, எதை எங்கே எடுப்பது?

சரியான சொல்லைத் தேர்ந்தால் வாக்கியத்துக்கு உயிர் வரும். தவறினால் சாம்பல்தான். முதலில் சொற்களின் வேறுபாட்டைப் பார்த்துக்கொள்வோம்.

தீ, நெருப்பு இரண்டும் பொதுச்சொற்கள். அனல் என்பது நெருப்பிலிருந்து நம்மேல் வந்து அடிக்கும் வெப்பம். கண்ணுக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும். அதனால்தான் ‘அனல் காற்று’ என்கிறோம், ‘தீக்காற்று’ என்பதில்லை. கனல், தணல் இரண்டும் கொழுந்துவிடாமல் உள்ளே சிவந்து கிடப்பவை. கங்கு என்பது அப்படிச் சிவந்த ஒரு துண்டு. தழல் கொழுந்துவிட்டு ஆடுவது. கொள்ளி என்பது நுனியில் நெருப்புப் பிடித்த கட்டை. பொறி தெறித்துப் பறப்பது. அழல் என்பதைப் பேச்சில் இன்று கேட்க முடியாது, ஆனால் மருத்துவத் தமிழில் ‘அழற்சி’ என்று அது தினமும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த அழற்சிக்கு ஆங்கிலத்தில் ‘இன்ஃபிளமேஷன்’. அதற்குள் இருப்பது லத்தீன் மொழியின் தீச்சுடர். சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கும் இடத்தை இரண்டு மொழிகளும் நெருப்பாகவே பார்த்திருக்கின்றன. அதனால் ஒரு மருத்துவக் குறிப்பில் ‘ஃபயரி ராஷ்’ என்று வந்தால் தயங்க வேண்டாம். ‘எரிச்சலோடு செக்கச்செவேலென்று சிவந்த தடிப்பு’ என்று எழுதலாம்.

இனி இடம் பார்த்துப் பொருத்துவோம். வெளியே பாய்ந்து பிறரைத் தாக்கும் வேகத்துக்கு அனல், பொறி இரண்டும் பொருந்தும்: அனல் பறக்கும் விவாதம், பொறி பறக்கும் வாதம். உள்ளுக்குள் அடங்கிக் கிடக்கும் சினத்துக்கும் பார்வைக்கும் கனல்: கனலும் கண்கள். நிறத்துக்குத் தணல், தழல். வாயைச் சுடும் எதற்கும் ‘எரி’ என்ற வினைச்சொல்லே போதும்: நாக்கு எரிகிறது, தொண்டை எரிகிறது. வாக்கியத்தில் பெயரடை இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் பெயரடையே தேட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

‘ஃபயரி ஸ்பீச்’ என்றால் பாராட்டா, கண்டனமா?

பெரும்பாலும் பாராட்டு, அல்லது சார்பற்ற வருணனை. பேசியவர் உணர்ச்சியோடும் உறுதியோடும் பேசினார், கேட்டவர்கள் சூடேறினார்கள் என்பதுதான் பொருள். ‘அனல் பறக்கப் பேசினார்’ என்பது இதற்கு நேரான தமிழ்.

இதன் பக்கத்து வீட்டில் இரண்டு சொற்கள் குடியிருக்கின்றன. ‘இன்ஃபிளமேட்டரி’, ‘இன்செண்டியரி’. இரண்டும் நெருப்புச் சொற்களே. ஆனால் குற்றச்சாட்டைச் சுமப்பவை. ‘இன்ஃபிளமேட்டரி ஸ்பீச்’ என்றால் வெறுப்பை, பகையைத் தூண்டிவிடும் பேச்சு. ‘இன்செண்டியரி’ இன்னும் ஒரு படி மேலே போய், கலவரத்துக்குத் தீ வைப்பது என்ற பொருளை நெருங்கும். தீ வைக்கும் குண்டுக்கும் அதே சொல்தான்.

செய்தி மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவது சிறிய பிழை அல்ல. இந்தியாவில் பிரிவினரிடையே பகையைத் தூண்டுவது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு. மூலத்தில் ‘ஃபயரி’ என்று மட்டும் இருக்கும்போது ‘ஆத்திரமூட்டும் பேச்சு’ என்று எழுதினால், மூலம் சொல்லாத குற்றத்தை அந்தப் பேச்சாளர்மேல் ஏற்றுகிறீர்கள். மூலத்தில் ‘இன்ஃபிளமேட்டரி’ இருக்கும்போது ‘அனல் பறக்கும் பேச்சு’ என்று எழுதினால், மூலம் சொன்ன குற்றத்தைத் துடைத்துவிடுகிறீர்கள். இரண்டுமே தவறு.

‘ஃபயரி டெம்பர்’ உள்ளவர் எப்படிப்பட்டவர்?

சட்டென்று கோபம் பற்றிக்கொள்பவர். முன்கோபி, எரிந்து விழுபவர், மூக்குக்கு மேல் கோபம் வருபவர் என்று நாம் சொல்வதெல்லாம் இதுதான். இங்கே இரவல் வாங்கியது நெருப்பின் சிவப்பையோ வெளிச்சத்தையோ அல்ல, பற்றிக்கொள்ளும் வேகத்தை. அதனால் நாள்கணக்கில் மனத்துக்குள் வன்மம் வைத்திருப்பவருக்கு இந்தச் சொல் பொருந்தாது. அவருக்கு ‘ஸ்மோல்டரிங்’ என்று வேறு சொல் இருக்கிறது. புகைந்துகொண்டிருப்பது.

அப்படியானால் பரிந்துரைக் கடிதத்தில் ஒருவரை ஃபயரி என்று எழுதலாமா?

வேண்டாம். துடிப்பானவர் என்று நீங்கள் நினைத்து எழுதுவதை, கோபக்காரர் என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. வேலைக்கு எடுப்பவர் அந்த ஐயத்தை விளக்கிக்கொள்ளத் தொலைபேசியில் கூப்பிடப் போவதில்லை, அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். ‘பேஷனேட்’, ‘எனர்ஜெட்டிக்’, ‘ஸ்பிரிட்டட்’ இவற்றில் ஒன்று பாதுகாப்பானது. அரங்கப் பேச்சாளரையோ விளையாட்டு வீரரையோ பற்றிய கட்டுரையில் ஃபயரி என்பது அழகாக அமரும், அலுவலகக் கடிதத்தில் அமராது.

இன்னொன்று. செந்நிறக் கூந்தல் உள்ள பெண்களையும் லத்தீன் அமெரிக்கப் பெண்களையும் ஃபயரி என்று அழைப்பது ஆங்கிலத்தில் நெடுநாள் பழக்கம். தலைமுடியின் நிறத்தையோ பிறந்த மண்ணையோ வைத்துக் குணத்தை முடிவுகட்டும் பழக்கம் அது. பலரை அது புண்படுத்துகிறது. நீங்களாக எழுதும்போது தவிர்த்துவிடுங்கள்.

உணவைப் பற்றிச் சொல்லும்போது சூடா, காரமா?

காரம். ‘ஹாட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சூடு, காரம் என்று இரண்டு பொருளும் இருப்பதால் ஆங்கிலேயர்களே ‘எந்த ஹாட்?’ என்று திருப்பிக் கேட்டுக்கொள்வார்கள். ‘ஃபயரி கறி’ என்றால் அந்த ஐயம் இல்லை. ஆறிப்போன குழம்பும் ஃபயரியாக இருக்கலாம். காரச்சட்னி குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் ஃபயரிதான். ஆனால் மிளகாய் இல்லாத, கொதிக்கக் கொதிக்க இருக்கும் பால் ஒருபோதும் ஃபயரி ஆகாது.

காரத்தை ஏன் நெருப்பாக உணர்கிறோம் என்பதற்கு உடலில் ஒரு தெளிவான காரணம் இருக்கிறது. நாக்கிலும் தோலிலும் உள்ள நரம்பு முனைகளில் டிஆர்பிவி-1 என்ற ஏற்பி உண்டு. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது விழித்துக்கொண்டு ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயில் உள்ள கேப்சைசின் அதே ஏற்பியைச் சூடு இல்லாமலே விழிக்கச் செய்கிறது. மூளைக்கு வித்தியாசம் தெரிவதில்லை. இந்த ஏற்பியை 1997-இல் அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே ‘வாய் எரிகிறது’ என்பது வெறும் உவமை இல்லை. உடலைப் பொறுத்தவரை அது உண்மையான எரிச்சல்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக இங்கே வந்து சேர்ந்த பயிர். அதற்கு முன் நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான். மிளகுபோல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்தோம். மொழிபெயர்க்கும்போது ‘உறைக்கும்’, ‘சுள்ளென்று’, ‘நாக்கு எரியும் காரம்’ என்று நல்ல சொற்கள் கைவசம் இருக்க, ‘தீ போன்ற குழம்பு’ என்று எழுதுவானேன்?

மதுவுக்கும் இந்தச் சொல் வரும். அங்கே காரம் அல்ல, தொண்டையை எரித்துக்கொண்டு இறங்கும் குணம்.

‘ஃபயரி ரெட்’ என்பதில் இரண்டு பெயரடைகள் இருக்கின்றனவா?

இல்லை. அங்கே ஃபயரி, சிவப்பு எப்படிப்பட்ட சிவப்பு என்று சொல்கிறது. செக்கச்செவேல், தணல் சிவப்பு என்பவை நெருங்கிய இணைகள். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும்போது இடைக்கோடு போட்டு எழுதுவது நல்லது. ‘ஃபயரி-டெம்பர்டு’, ‘ஃபயரி-ஐய்டு’ போன்ற கூட்டுச் சொற்களுக்கும் இடைக்கோடு உண்டு.

மாலை வானத்துக்கு இந்தச் சொல் வந்தால் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். செவ்வானம் இருக்கிறது. அந்தி வானத்தின் சிவப்புக்கென்றே ‘செக்கர்’ என்று ஒரு சொல்லை நம் முன்னோர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை மறந்துவிட்டு ‘தீப்பிழம்பான சூரிய அஸ்தமனம்’ என்று எழுதுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

கிரிக்கெட்டில்?

வேகப்பந்து வீச்சாளர் தொடர்ந்து சில ஓவர்கள் மிரட்டினால் அது ‘ஃபயரி ஸ்பெல்’. நம் வருணனையில் ‘அனல் பறக்கும் பந்துவீச்சு’ என்பது ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ‘ஃபயரி பிட்ச்’ என்றால் பந்து தாறுமாறாக எகிறும், மட்டையாளருக்கு ஆபத்தான ஆடுகளம். இங்கிலாந்தின் ஃப்ரெட் ட்ரூமனுக்கு ‘ஃபயரி ஃப்ரெட்’ என்றே பட்டப்பெயர். டெஸ்ட் போட்டிகளில் 300 விக்கெட்டுகளை முதலில் எட்டியவர் அவர், 1964-இல். அந்தப் பெயரில் அவருடைய வேகமும் கோபமும் இரண்டும் அடங்கியிருந்தன.

‘ஃபயரி மைன்’ என்றால் தீப்பிடித்த சுரங்கமா?

இல்லை. துறை தெரியாமல் மொழிபெயர்த்தால் தலைகீழாகிவிடும் சொல் இது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலில், எரியக்கூடிய வாயு கசியும் சுரங்கத்தைத்தான் ஃபயரி மைன் என்றார்கள். தீ இன்னும் வரவில்லை, ஆனால் ஒரு பொறி போதும் என்ற நிலை. அந்த வாயு பெரும்பாலும் மீத்தேன். காற்றில் அதன் அளவு ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்கும் 15 விழுக்காட்டுக்கும் இடையில் இருந்தால் வெடிக்கும். அதற்குக் கீழே எரிபொருள் போதாது, மேலே ஆக்சிஜன் போதாது.

இங்கிலாந்தின் வடகிழக்கில் ஃபெல்லிங் சுரங்கத்தில் 1812-இல் நடந்த வெடிப்பில் 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகு எழுந்த கவலையின் விளைவாக 1815-இல் ஹம்ஃப்ரி டேவி பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை. வலை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் உள்ளே எரியும் தீ வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்காது. வாயு அதிகமானால் சுடரின் உயரமும் நிறமும் மாறி எச்சரிக்கையும் கொடுக்கும்.

தமிழில் ‘எரிவாயு கசியும் சுரங்கம்’ என்று எழுதுங்கள். ‘எரியும் சுரங்கம்’ என்பது வேறு. ஜார்க்கண்டின் ஜரியாவில் நூறாண்டுக்கும் மேலாக நிலத்தடியில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறதே, அது எரியும் சுரங்கம்.

பைபிளில் இந்தச் சொல் எப்படித் தமிழாகியிருக்கிறது?

மொழிபெயர்ப்பாளர்கள் பாடமாகவே படிக்க வேண்டிய இடம். 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் ஃபயரி பல இடங்களில் வருகிறது. நெடுங்காலமாகத் தமிழ்த் திருச்சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு அதை எங்கும் ஒரே சொல்லால் கடந்துபோகவில்லை.

தானியேல் நூலில் மூன்று இளைஞர்கள் எறியப்படும் ‘ஃபயரி ஃபர்னஸ்’, தமிழில் அக்கினிச்சூளை. உபாகமத்தில் ‘ஃபயரி லா’ என்பது அக்கினிமயமான பிரமாணம். எபேசியரில் தீயவன் எய்யும் ‘ஃபயரி டார்ட்ஸ்’ அக்கினியாஸ்திரங்கள். எல்லாவற்றையும்விட அழகானது எண்ணாகமம் 21ஆம் அதிகாரம். அங்கே வனாந்தரத்தில் மக்களைக் கடித்த ‘ஃபயரி சர்ப்பெண்ட்ஸ்’, தமிழில் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள். எபிரேய மூலத்தில் எரிக்கும் பாம்புகள் என்ற பொருள் இருக்கிறது. எரிச்சல் கடியில் இருப்பதால், தீயைப் பாம்பின் வாயில் வைத்தார்கள் நம்மவர்கள். கொள்ளிவாய்ப் பிசாசு என்று கிராமத்தில் ஏற்கெனவே புழங்கிய சொல் அந்த அச்சத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது.

அந்தப் பாம்புகள் உண்மையில் நரம்புச் சிலந்திப் புழுக்களாக இருக்கலாம் என்று மருத்துவ வரலாற்றில் ஒரு கருத்து உண்டு. தோலைத் துளைத்து வெளிவரும்போது அந்த இடம் தீயாய் எரியும் என்பதால் எழுந்த கருத்து. இந்தியா 2000-இல் அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

‘ஃபயரி கிராஸ்’ என்று வரலாற்று நூல்களில் வருகிறதே?

இரண்டு வேறு இடங்களில் வரும். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், போருக்கு ஆள் திரட்ட நுனி கருகிய மரச்சிலுவை ஒன்றை ஓட்டக்காரர்கள் ஊர் ஊராகக் கைமாற்றிக் கொண்டுபோவார்கள். ஓலை கொண்டுபோவதற்கு இணையான அழைப்பு அது. அமெரிக்காவில் 1915-இல் புத்துயிர் பெற்ற கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கறுப்பின மக்களை அச்சுறுத்தச் சிலுவையைக் கொளுத்தியது. எந்த நாடு, எந்த ஆண்டு என்று பார்க்காமல் மொழிபெயர்க்காதீர்கள்.

ஆர்டெண்ட், ஃபெர்வெண்ட், ஃபயரி மூன்றும் ஒன்றுதானா?

உறவுக்காரர்கள், ஆனால் ஒரே ஆள் அல்ல. ‘ஆர்டெண்ட்’ லத்தீனில் எரிதல் என்ற வினையிலிருந்து வந்தது. இன்று அது நிலையான ஈடுபாட்டைக் குறிக்கிறது: தீவிர ரசிகர், தீவிர ஆதரவாளர். ‘ஃபெர்வெண்ட்’ கொதித்தல் என்ற வினையிலிருந்து வந்தது. வழிபாடு, நம்பிக்கை, வேண்டுதல் போன்றவற்றோடு சேரும். உருக்கமான என்று தமிழாக்கலாம். நம் சொல்லும் சூட்டில் இளகுவதைத்தான் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். இந்த இரண்டிலும் கோபம் இல்லை. ஃபயரியில் கோபம் எப்போதும் வாசல்வரை வந்து நிற்கும். அதனால் ‘ஃபயரி பிரேயர்’ என்றால் கேட்பவர் சற்றே திடுக்கிடுவார்.

‘ஃபியர்ஸ்’ இந்தக் குடும்பமே அல்ல. லத்தீனில் காட்டுத்தனம் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. மூர்க்கமான, கடுமையான என்று பொருள். பாறைகளைப் பற்றிய பாடத்தில் வரும் ‘இக்னியஸ்’ குடும்பம்தான், நம் பாடநூல்களில் தீப்பாறை. லத்தீனின் இக்னிஸும் வடமொழியின் அக்னியும் ஒரே மூலத்தின் இரு கிளைகள்.

லாரியின் பின்னால் ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருக்கிறது. ‘இன்’ வந்தால் எதிர்மறை அல்லவா?

இல்லை, இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள், உயிர் தொடர்பானது. ‘ஃபிளேமபிள்’, ‘இன்ஃபிளேமபிள்’ இரண்டுக்கும் ஒரே பொருள்: எளிதில் தீப்பற்றக்கூடியது. இங்கே உள்ள ‘இன்’ எதிர்மறை முன்னொட்டு அல்ல, ‘உள்ளே’ என்று பொருள்படும் வேறு முன்னொட்டு. தீயை உள்ளே மூட்டுதல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல். தீப்பற்றாதது என்று சொல்ல ‘நான்-ஃபிளேமபிள்’ என்றுதான் எழுத வேண்டும். இந்தக் குழப்பம் ஆங்கிலேயருக்கும் உண்டு. அதனால்தான் பாதுகாப்புத் துறையினர் 20ஆம் நூற்றாண்டில் ‘இன்’ இல்லாத வடிவத்தை வற்புறுத்திப் பரப்பினார்கள். நம் ஊர் டேங்கர் லாரிகளில் பழைய வடிவம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒப்பீட்டு வடிவங்கள் என்ன?

ஒய் போய் ஐ வரும்: ஃபயரியர், ஃபயரியஸ்ட். இலக்கணப்படி சரி, சொல்லும்போது நாக்கு சிக்கும். ‘மோர் ஃபயரி’, ‘மோஸ்ட் ஃபயரி’ என்பவையும் சரியானவையே, காதுக்கும் இதமானவை. வினையடை ‘ஃபயரிலி’ அகராதியில் இருக்கிறது, பேச்சில் அரிது. அதற்குப் பதில் ‘பேஷனட்லி’ அல்லது ‘ஹீட்டட்லி’ எழுதலாம். பெயர்ச்சொல் ‘ஃபயரினெஸ்’.

அச்சகத்தில் ‘ஃபயரியில் போடு’ என்கிறார்களே?

அது ஒரு வணிகப் பெயர். வண்ண டிஜிட்டல் அச்சு இயந்திரங்களுக்குக் கோப்பைப் பிரித்துக் கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவி. 1991-இல் சந்தைக்கு வந்தது. சொல்லின் பொருளோடு வேறு தொடர்பு இல்லை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது நெருப்பு வந்தாலெல்லாம் ஃபயரி போடலாமா?

இதில்தான் தேர்ந்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். ‘அந்த அதிகாரி நெருப்பு மாதிரி, லஞ்சம்னு பக்கத்துல போக முடியாது’ என்று ஊரில் சொன்னால், அவர் கோபக்காரர் என்று பொருள் இல்லை. மாசு ஒட்டாதவர், நேர்மையானவர் என்று பொருள். தமிழில் நெருப்புக்குத் தூய்மை என்ற குணம் உண்டு. ஆங்கில ஃபயரிக்கு அது கிடையவே கிடையாது. அங்கே ‘இன்கரப்டிபிள்’ போன்ற சொல்தான் உதவும்.

‘வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்’ என்று ஒரு தாய் சொல்வது கவலை. வயிற்றெரிச்சல் என்பது இடத்தைப் பொறுத்துப் பொறாமை, ஆற்றாமை, இரைப்பை உபாதை என்று மூன்றில் ஒன்று. ‘சொல் சுட்டது’ என்றால் மனம் புண்பட்டது. இவற்றில் எதற்கும் ஃபயரி பொருந்தாது. மே மாதத்தில் வரும் அக்கினி நட்சத்திரத்தையும் ‘ஃபயரி ஸ்டார்’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் வானத்தைத் தேடுவார். கோடையின் உச்சமான சில வாரங்கள் என்று விளக்கி எழுதி, பெயரை அப்படியே வைத்துவிடுங்கள். சோதிடத்தில் மேஷம், சிம்மம், தனுசு ஆகிய நெருப்பு ராசிகளுக்கு மட்டும் தடையில்லை. ஆங்கிலத்திலும் அதே மூன்று ராசிகள்தான், ‘ஃபயரி சைன்ஸ்’ என்றே பழைய வழக்கும் இருக்கிறது.